'எஸ்ச்சூ' (eschew) என்ற ஆங்கில வினைக்குத் தமிழ்ச் சொல் தேவை

இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தரம் 11க்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். 'அவாய்ட்' (avoid), 'எஸ்ச்சூ' இரண்டுக்கும் அகராதியிலும் போன் மொழிபெயர்ப்பிலும் 'தவிர்' என்றே வருகிறது. போன செவ்வாய் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "அட்டை கடிக்கும்னு சுத்துப் பாதையில போறோம். மாலை போட்ட மாமா மீன் தொடமாட்டாரு. ரெண்டும் ஒண்ணா மிஸ்?" அருமையான கேள்வி. முதலாவது அவாய்ட், இரண்டாவதுதான் எஸ்ச்சூ. மனமறிந்து, கொள்கையாக விலகுவது.

வேர்களையும் பார்த்தேன். இரண்டும் பழைய பிரெஞ்சு வழியாக வந்தவை. அவாய்ட் 'வெறுமையாக்கு' என்ற பொருளில் தொடங்கியது, வெறுமையைச் சொல்லும் 'வொய்ட்' (void) அதற்குச் சொந்தம். எஸ்ச்சூவின் மூலம் ஜெர்மானியம். கூச்சத்தைச் சொல்லும் 'ஷை' அதன் உறவு. கூசி ஒதுங்குவது என்று பிள்ளைகளுக்குச் சொன்னதும் பிடிபட்டது. ஆனால் தமிழ்ச் சொல் இன்னும் அகப்படவில்லை.

'துற' போட்டுப் பார்த்தேன், சந்நியாசம் போல ஒலிக்கிறது. 'ஒதுக்கு' என்றால் நிதி ஒதுக்குவதும் அதுதான். 'விலக்கு' எழுதினால் பிள்ளைகள் வேலையிலிருந்து நீக்குவதாக எடுக்கிறார்கள். 'தட்டிக்கழி' கடமையிலிருந்து நழுவுவது, அது முழுப் பிழை.

வரும் திங்கள் சொற்பட்டியல் கொடுக்க வேண்டும். விரும்பியே ஒன்றை வேண்டாமென்று விடுவதற்கு, 16 வயதுப் பிள்ளைக்குப் புரிகிற ஒற்றைத் தமிழ் வினை எது?