ஷர்வினுக்குப் பிந்துலுவில் வேலை

குழு: தைப்பிங் தாத்தா வீடு
ஞாயிறு

சுமதி அம்மா, இரவு 8:05
ஷர்வினுக்கு வேலை கிடைத்துவிட்டது. சரவாக்கில் இருக்கும் பிந்துலுவில், கேஸ் குழாய்ப் பராமரிப்பு. அடுத்த மாதம் 3ஆம் தேதி கிளம்புகிறான். எல்லாரும் ஆசீர்வாதம் பண்ணுங்கள் 🙏

ராஜன் பெரியப்பா, 8:07
ரொம்பச் சந்தோஷம்டா தம்பி! தாத்தா இருந்திருந்தால் தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்திருப்பார்.

கீர்த்தனா அக்கா, 8:09
வாழ்த்துகள் ஷர்வின்! மிரிக்குப் போனால் அந்த மலைமேல் இருக்கும் பழைய எண்ணெய்க் கிணற்றைப் பார்த்துவிட்டு வா. 1910இல் தோண்டியது. நம் நாட்டின் முதல் கிணறு.

மாலா அத்தை, 8:15
நல்லா இரு கண்ணு. சபாவில் கிமானிஸிலிருந்து பிந்துலு வரை போட்டார்களே, அந்த நீளக் கேஸ் குழாயிலா வேலை?

ஷர்வின், 8:16
இல்லை அத்தை, ஆலைக்குள் இருக்கும் குழாய்கள். நீங்கள் சொல்வது சுமார் 500 கிலோமீட்டர் என்று படித்திருக்கிறேன். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

மாலா அத்தை, 8:24
நான் சரவாக்கின் வடக்கே லாவாஸில் 4 வருஷம் ஆசிரியையாக இருந்தேன், நீ அப்போது சின்னப் பிள்ளை. அந்தக் குழாய் லாவாஸ் மலைகள் வழியாகத்தான் போகிறது. அங்கே இருப்பவர்கள் லுன் பாவாங் என்ற பூர்வகுடி மக்கள். நெல், ஆறு, காடு இந்த மூன்றும்தான் வாழ்க்கை. 2014 ஜூனில் லாவாஸுக்கும் லோங் சுகாங்குக்கும் நடுவே அது வெடித்தது. அப்போது பள்ளி விடுமுறை. விடுமுறை முடிந்து வந்த பிள்ளைகளிடம் பிடித்ததை வரையுங்கள் என்றேன். ஒரு பையன் தாள் முழுக்க ஆரஞ்சு வண்ணத்தைப் பூசிவிட்டு, ஓரத்தில் ஒரு சின்ன வீடு வரைந்தான். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

மாலா அத்தை, 8:25
2020 ஜனவரியில் லாவாஸிலேயே லோங் லுப்பிங் பக்கம் மறுபடியும் வெடித்தது. அப்போது நான் பினாங்குக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். செய்தியைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்கவில்லை.

ராஜன் பெரியப்பா, 8:31
இப்போதுதான் எனக்கு அது உறைக்கிறது மாலா. 2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாள் இரண்டாம் நாள், சிலாங்கூரில் புத்ரா ஹைட்ஸில் கேஸ் குழாய் வெடித்த தீ பூச்சோங்கில் நம் வீட்டு மாடியிலிருந்தே தெரிந்தது. நானும் உன் அண்ணியும் அடையாள அட்டை, மருந்து எல்லாம் பையில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றோம். அன்றைக்குத்தான் நம் காலடியில் கேஸ் குழாய் ஓடுகிறது என்றே பலருக்குத் தெரிந்தது.

மாலா அத்தை, 8:34
அங்கே உடனே தீயணைப்பு வண்டி போனது அண்ணா. டிவிக்காரர்கள் போனார்கள், மந்திரிகள் போனார்கள். போகவேண்டியதுதான். லோங் லுப்பிங் போக எத்தனை மணி நேரம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மழை பெய்தால் சாலையே சேறாகிவிடும்.

ராஜன் பெரியப்பா, 8:40
சரி. ஆனால் ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. எண்ணெய்ப் பணத்தில்தான் இந்த நாட்டில் சாலை, பள்ளி, எத்தனையோ பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம். தோண்டாதே என்று எப்படிச் சொல்வது?

மாலா அத்தை, 8:47
நான் கேட்பது வேறு அண்ணா. தோண்டும் முன்பு அவர்களைக் கேட்டார்களா? "வேண்டாம்" என்று அவர்கள் சொன்னால் அதற்கு மதிப்பு உண்டா? நாம் வேலை செய்த தோட்டத்தை விற்றபோது அப்பாவை யார் கேட்டார்கள்? லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஒரு கடிதம் வந்தது, அவ்வளவுதான். அம்மா மாரியம்மன் கோயில் வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டு அழுதது உங்களுக்கு மறந்துவிட்டதா?

ராஜன் பெரியப்பா, 8:49
மறக்கவில்லை.

மாலா அத்தை, 8:52
நமக்காவது அது வேலையோடு வந்த வீடு. அவர்களுக்கு அது பாட்டன் பூட்டன் புதைந்த காடு. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன், அவர்களுடைய இழப்பு பெரியது.

கீர்த்தனா அக்கா, 8:58
அத்தை, சட்டமே அங்கேதான் இடிக்கிறது. சரவாக் நிலச் சட்டப்படி 1958 ஜனவரி 1க்கு முன்பே அந்த நிலத்தில் உழுது குடியிருந்தோம் என்று காட்டவேண்டும். எழுதி வைக்காத மக்கள் எதைக் காட்டுவார்கள்? வேட்டையாடும் காடும் எங்களுடையதுதான் என்று சரவாக் பூர்வகுடிகளான இபான் மக்கள் போட்ட வழக்கில், அந்த வழக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 2016இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2018இல் மாநிலம் அதற்கு இடம் கொடுத்துச் சட்டத்தைத் திருத்தியது. அதுவும் வரம்போடுதான். பூர்வகுடி உரிமைகள் பற்றிய ஐநா பிரகடனத்துக்கு 2007இல் மலேசியாவும் ஆதரவாக வாக்களித்தது. முன்கூட்டியே தெரிவித்து, வற்புறுத்தாமல் சம்மதம் கேட்கவேண்டும் என்பது அதில் இருக்கிறது.

ஷர்வின், 9:01
அப்படிக் கேட்கச் சொல்லிப் போராடி ஜெயித்தவர்கள் யாராவது இருக்கிறார்களா அக்கா?

கீர்த்தனா அக்கா, 9:10
இருக்கிறார்கள்! தென் அமெரிக்காவில், ஈக்வடாரில் வவோரானி என்ற பூர்வகுடி மக்கள். எண்ணெய் எடுக்க ஒதுக்கிய அரசாங்க வரைபடத்தில் அவர்கள் காடு வெறும் "22ஆம் பிளாக்". அவர்கள் தாங்களே நடந்து நடந்து வேறொரு வரைபடம் போட்டார்கள். எந்த ஓடையில் மீன், எங்கே மருந்துச் செடி, எங்கே வேட்டை என்று எல்லாம் அதில் இருந்தது. நெமோந்தே நென்கிமோ என்ற பெண் முன்னால் நின்றார். 2012இல் அரசு நடத்திய கலந்தாய்வு முறையானதே அல்ல என்று 2019 ஏப்ரலில் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுமார் 1,80,000 ஹெக்டேர் காடு தப்பியது. அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று நான் நூலகத்திலேயே அழுதுவிட்டேன்.

கீர்த்தனா அக்கா, 9:13
2023 ஆகஸ்டில் அதே நாட்டில் யசுனிக் காட்டுக்காக வாக்கெடுப்பும் நடந்தது. எண்ணெய் மண்ணிலேயே இருக்கட்டும் என்று சுமார் 59 விழுக்காட்டினர் சொன்னார்கள். ஒரு வருஷத்தில் மூட வேண்டிய கிணறுகளை இன்னும் மெதுவாகத்தான் மூடுகிறார்கள். ஜெயித்த பிறகும் காவல் இருக்கவேண்டியிருக்கிறது.

மாலா அத்தை, 9:16
நைஜீரியாவில் எண்ணெய் எடுப்பதால் நிலம் பாழான ஒகோனி மக்களுக்காகப் பேசிய எழுத்தாளர் கென் சாரோ விவாவையும் இன்னும் 8 பேரையும் 1995இல் தூக்கில் போட்டார்கள். பள்ளியில் அதைச் சொல்லிக்கொடுக்கும்போது எனக்குக் குரல் உடைந்துவிடும்.

சுமதி அம்மா, 9:18
மாலா, அப்படியென்றால் இவன் இந்த வேலைக்குப் போகவேண்டாம் என்கிறாயா? எனக்குப் பயமாக இருக்கிறது.

மாலா அத்தை, 9:25
போகட்டும் அண்ணி. குழாயைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த பிள்ளை அங்கே இருப்பது நல்லது. ஷர்வின், உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்றைக்காவது ஒரு புது வழித்தடத்தின் வரைபடம் உன் மேசைக்கு வரும். அதில் இருக்கும் கிராமங்களின் பெயரைப் படி. அங்கே போய்ப் பேசினார்களா, எந்த மொழியில் பேசினார்கள், கையெழுத்துக்கு முன்பா பின்பா என்று கூட்டத்தில் வாய்விட்டுக் கேள். புதுப் பையன் என்று பேசாமல் இருந்துவிடாதே.

ஷர்வின், 9:31
கேட்பேன் அத்தை. முதல் லீவில் லாவாஸ் போகலாம் என்று நினைக்கிறேன். அந்தப் படம் வரைந்த பையன் இப்போது எங்கே?

மாலா அத்தை, 9:33
லாவாஸில்தான், கடை வைத்திருக்கிறான். பெருநாளுக்கெல்லாம் செய்தி அனுப்புவான்.

ஷர்வின், 9:34
அவர் எண் கிடைக்குமா?

மாலா அத்தை, 9:36
அவனிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன்.

ஷர்வின், 9:36
சரி அத்தை.