பிளேடெஸ்ட் வார்லாக்கை இறுதி விதிக்கு மாற்றியே ஆக வேண்டுமா?

கடாரத்துக்காரி:

பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமை சாயந்திரம் கூடி, ஆளுக்கொரு கேரக்டராக நடித்துப் பகடை போட்டுக் கதை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிற குழு எங்களுடையது. கதைக்களம் பழைய கடாரம். என் கேரக்டர் செங்கமலம் துறைமுகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவள். ஜெராய் மலைக்கு அடியில் கிடக்கும் ஒரு நெருப்புப் பிசாசோடு ஒப்பந்தம் போட்டு, அப்படி மந்திர சக்தி வாங்குகிற வார்லாக் வகுப்புக்காரி ஆனாள். 2023 ஏப்ரலில் வந்த பிளேடெஸ்ட் விதியை, அதாவது புத்தகமாகும் முன் ஆடிப் பார்க்கக் கொடுத்த சோதனை விதியை, வைத்து அவளை உருவாக்கினேன். இப்போது லெவல் 7. எல்லாரும் இறுதி விதி வந்த 2024 புத்தகத்துக்கு மாறியாக வேண்டும் என்று ஆட்டத்தை நடத்தும் டிஎம் சொல்லிவிட்டார்.

மற்றவர்களுக்கு ரெண்டு மூன்று வரி திருத்தினால் போதும். எனக்கு ஆளே மாறிவிடுகிறாள். அந்த பிளேடெஸ்டில் லெவல் 7 வார்லாக்குக்கு முதல் மட்டத்தில் 4 ஸ்லாட் (ஒரு மந்திரம் போட ஒரு ஸ்லாட் செலவாகும்), இரண்டாம் மட்டத்தில் 3. லாங் ரெஸ்ட், அதாவது ராத்திரி முழு ஓய்வு, எடுத்தால்தான் திரும்ப வரும். இறுதிப் புத்தகத்தில் பேக்ட் மேஜிக் என்ற பழைய வார்லாக் முறையே வந்துவிட்டது. நான்காம் மட்டத்தில் 2 ஸ்லாட், ஒரு மணி நேர ஷார்ட் ரெஸ்டில் திரும்பிவிடும். செங்கமலம் சின்ன மந்திரங்களை வைத்துப் பிழைப்பவள். காலையில் முகத்தை மாற்றிச் சுங்கச் சாவடியைத் தாண்டுவாள், மத்தியானம் சீன வணிகரின் கணக்கேட்டைப் படிப்பாள். ஒருநாள் கடைசி ஸ்லாட்டைத் தனக்கென்று வைத்திருந்தாள். பாய்மரத்திலிருந்து ஒரு பையன் விழுந்தான், விழுகிறவரை மெல்ல இறக்கும் ஃபெதர் ஃபால் மந்திரத்தைப் போட்டுவிட்டாள். அன்று ராத்திரி கத்திக்குத்து வாங்கினாள். அந்தப் பையன்தான் இப்போது எங்கள் கப்பலில் சோறாக்குகிறான். இறுதி விதியில் ஃபெதர் ஃபால் வார்லாக் பட்டியலிலேயே இல்லை. அப்புறம் அந்தக் கதை எங்கே போகும்?

பினாங்குப்_பகடை:

மாற்றுங்கள் தங்கச்சி. நானும் டிஎம்தான், பட்டர்வொர்த் பக்கம் ஒரு மேசை நடத்துகிறேன். உங்கள் டிஎம் தலைவலி எனக்குத் தெரியும். பிளேடெஸ்ட் என்பது ஆடுகிறவர்களிடம் கேட்ட கேள்வி. அதற்குப் பதில் வந்துவிட்டது. 2023 செப்டம்பர் பிளேடெஸ்டிலேயே பேக்ட் மேஜிக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் விதி ஐந்து மாதம் உயிரோடு இருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த எதையும் அதோடு சேர்த்து யாரும் சோதிக்கவில்லை.

டிஎம் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். களைப்பு விதியை எடுத்துக்கொள்வோம். பிளேடெஸ்டில் களைப்பு ஒரு படி ஏறினால் பகடையில் விழும் எண்ணில் 1 குறையும், பத்துப் படி போகலாம். இறுதியில் ஒரு படிக்கு 2 குறையும், ஆறாவது படியில் சாவு. ஒரே மேசையில் ஒருவருக்கு அது, இன்னொருவருக்கு இது என்றால் டிஎம் எதைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்? அரக்கர் புத்தகமும் 2025 பிப்ரவரியில் புதுசாக வந்துவிட்டது.

மூன்றாம்_ஷிப்ட்:

பினாங்கு அண்ணே, களைப்பு விதி மேசைக்குப் பொதுவானது. அதை மாற்றுவதில் யாருக்கும் சண்டை இல்லை. இங்கே கேள்வி ஒரு ஆளின் கேரக்டர் தாளைப் பற்றியது. பதிப்பகத்துக்குச் சோதனை செய்து கொடுக்கவா இவர்கள் ஆடினார்கள்? ஆட்டம் ஆடினார்கள், அதில் ஒரு மனுஷி உருவானாள். கையில் ஏழு சின்னக் காசு இருக்கிறவள் ஒரு மாதிரி யோசிப்பாள், ரெண்டு பெரிய நோட்டு இருக்கிறவள் வேறு மாதிரி யோசிப்பாள். கடைசி ஸ்லாட்டைப் பையனுக்குக் கொடுத்தாளே, அது அந்த விதி பெற்ற கதை.

பாத்ஃபைண்டர் என்ற இதே மாதிரி ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பிலும் இதைப் பார்த்தேன். 2018 பிளேடெஸ்டில் ரெசனன்ஸ் புள்ளி என்று ஒன்று இருந்தது. மருந்து குடிப்பதற்கும் புள்ளி போகும், மருந்து காய்ச்சும் வகுப்பான அல்கெமிஸ்ட் அதைச் செய்வதற்கும் புள்ளி போகும். 2019 இறுதிப் புத்தகத்தில் அதை அடியோடு எடுத்துவிட்டார்கள். எங்கள் மேசை அல்கெமிஸ்ட் முன்பு ஒவ்வொரு குப்பிக்கும் கணக்குப் பார்த்து, "இது உனக்கா எனக்கா" என்று கேட்டுக் கேட்டு ஆடுவார். மாறிய பிறகு பலம் கூடியது, அந்தக் கேள்வி போய்விட்டது. கொஞ்ச நாளில் அந்தக் கேரக்டரையே விட்டுவிட்டு வேறு எடுத்துக்கொண்டார்.

பினாங்குப்_பகடை:

தம்பி, குப்பிக்குக் குப்பி புள்ளி எண்ணுவது பிடிக்கவில்லை என்று அத்தனை பேர் சொன்னதால்தான் ரெசனன்ஸ் போனது. உங்கள் அல்கெமிஸ்டுக்குப் பிடித்திருக்கலாம், மேசையில் மற்றவர்களுக்கு?

செங்கமலம் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அவள் பழைய தாளில் பலவீனமாக இருக்கிறாள். லெவல் 7-ல் மூன்றாம் மட்ட ஸ்லாட்டே அவளிடம் கிடையாது. வேண்டுமானால் பெரிய மந்திரம் ஒன்றைத் தரும் மிஸ்டிக் ஆர்கேனத்தை இன்வொகேஷனாக, அதாவது வார்லாக் தேர்ந்தெடுக்கும் தனித் திறமையாக, வாங்க வேண்டும். புது விதியில் அதே லெவலில் ஃபயர்பால் என்ற நெருப்புக் குண்டை நான்காம் மட்டத்தில் வீசலாம், சேதம் ஒன்பது ஆறுமுகப் பகடை. பக்கத்தில் இருக்கும் விசர்ட் வகுப்பு மந்திரவாதி அதைச் செய்யும்போது இவள் முகத்தை மாற்றிக்கொண்டு நின்றால், சண்டைக் காட்சியில் யாருக்கு வேலை இருக்கும்?

கடாரத்துக்காரி:

சண்டையில் பின்னால் நிற்பது எனக்குக் குறையே இல்லை அண்ணே. நான் கேட்டது வேறு. அவள் செய்த காரியங்களை இனிமேல் அவளால் செய்ய முடியாமல் போவதைக் கதையில் எப்படிச் சொல்வது?

செந்தூல்_விதிவாசகன்:

முடியாமல் போகவில்லை. புத்தகத்தைக் கடைசி வரை படித்தால் அந்த மூன்றும் அங்கேயே இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது. இறுதி விதியில் லெவல் 7 வார்லாக்குக்கு 6 இன்வொகேஷன். மாஸ்க் ஆஃப் மெனி ஃபேசஸ் எடுத்தால் ஸ்லாட் இல்லாமலே எத்தனை முறை வேண்டுமானாலும் முகம் மாற்றலாம். பேக்ட் ஆஃப் த டோம் எடுத்தால், எந்த வகுப்பின் பட்டியலிலிருந்தும் ஸ்லாட் இல்லாமல் சடங்காகச் செய்யக்கூடிய முதல் மட்ட மந்திரம் ரெண்டு கிடைக்கும். தெரியாத மொழியைப் படிக்க வைக்கும் காம்ப்ரிஹெண்ட் லாங்குவேஜஸ் அதில் வரும். லெசன்ஸ் ஆஃப் த ஃபர்ஸ்ட் ஒன்ஸ் எடுத்தால் ஆரிஜின் ஃபீட் என்ற கூடுதல் திறமை ஒன்று கிடைக்கும். அதில் விசர்ட் பட்டியலுக்கான மேஜிக் இனிஷியேட் எடுத்து ஃபெதர் ஃபாலைத் தேர்ந்தெடுங்கள். நாளுக்கு ஒருமுறை இலவசம், அதற்கு மேல் ஸ்லாட் போட்டும் செய்யலாம். மூன்று இன்வொகேஷன் போனாலும் மூன்று மிச்சம் இருக்கிறது.

கேரக்டரின் பழைய தொழிலைச் சொல்லும் பேக்ரவுண்டைத்தான் டிஎம்மோடு பேச வேண்டும். பிளேடெஸ்டில் நாமே ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தது. இறுதிப் புத்தகத்தில் 16 தயார் பேக்ரவுண்ட், ஒவ்வொன்றிலும் உயர்த்திக்கொள்ள மூன்று திறன் மட்டும். கிராணி என்றதும் ஸ்க்ரைப் எடுக்கத் தோன்றும், எடுக்காதீர்கள், வார்லாக் மந்திரத்துக்கு வேண்டிய கரிஸ்மா அதில் இல்லை. மெர்ச்சன்டில் இருக்கிறது. இல்லையென்றால் 2024 நவம்பரில் வந்த டிஎம் புத்தகத்தில் புது பேக்ரவுண்ட் உருவாக்கும் வழி இருக்கிறது, துறைமுகக் கிராணியை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

காசைப் பற்றியும் கவலை வேண்டாம். 2025 ஏப்ரலில் வந்த எஸ்ஆர்டி 5.2 என்ற அடிப்படை விதித் தொகுப்பு இலவசம். பிசாசோடு ஒப்பந்தம் போடுகிற, ஃபீண்ட் பேட்ரன் கொண்ட வார்லாக் அதில் இருக்கிறது. ஒரு வெள்ளி கூடச் செலவில்லை.

மூன்றாம்_ஷிப்ட்:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் சடங்காகச் செய்தால் பத்து நிமிஷம் கூட ஆகும். கணக்கேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற வணிகர் அதுவரை காத்திருப்பாரா? ஃபெதர் ஃபால் நாளுக்கு ஒருமுறை இலவசம் என்றால் பையனைக் காப்பாற்ற அவள் எதையும் இழக்க வேண்டியதில்லை. எனக்கு வலிக்கிற இடம் அதுதான்.

செந்தூல்_விதிவாசகன்:

முதல் பையனுக்கு இழக்க வேண்டியதில்லை. அதே நாளில் ரெண்டாவது ஆள் விழுந்தால் நான்காம் மட்ட ஸ்லாட்டையே தர வேண்டும், அவளிடம் இருப்பது ரெண்டுதான். பழைய தாளில் ஏழில் ஒன்று போகும், இங்கே பாதி போகிறது. இதை லேசான முடிவு என்று சொல்லிவிட முடியுமா?

பினாங்குப்_பகடை:

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். கதையில் நடந்த எதையும் தொட வேண்டாம். பையன் பிழைத்தான், கத்திக்குத்து விழுந்தது, எல்லாம் அப்படியே இருக்கட்டும். எண்கள் மட்டும் மாறட்டும். ஜெராய் மலைப் பிசாசு ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதியதாக ஒரு காட்சி வையுங்கள், டிஎம் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்.

கடாரத்துக்காரி:

செந்தூல் அண்ணே, அந்த மூன்று இன்வொகேஷனையும் எழுதி டிஎம்முக்கு அனுப்பிவிட்டேன். மெர்ச்சன்ட் வேண்டாம், கிராணி பேக்ரவுண்டையே கட்டித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிசாசு திருத்தி எழுதுகிற காட்சிக்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். செங்கமலம் கிராணி. தன் ஒப்பந்தத்தை இன்னொருத்தர் திருத்தப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டாள். அவளே போய் பேரம் பேசட்டும், சின்ன ஸ்லாட் ஏழையும் கொடுத்துவிட்டு என்ன வாங்குகிறாள் என்று மேசையில் ஆடித்தான் பார்க்க வேண்டும். அந்த ஆட்டம் முடியும் வரை பழைய தாள்தான்.

மூன்றாம்_ஷிப்ட்:

அந்தப் பேரத்தில் அவள் தோற்றால்?

கடாரத்துக்காரி:

தோற்றால் இன்வொகேஷனில் ஒன்று குறையும். அதையும் டிஎம்மிடம் சொல்லிவிட்டேன்.