புக்னர் ஃபனல்ல சொட்டு சொட்டாதான் இறங்குது, அவசரம்!!

லேப்_எலி:
புக்னர்ல, அதான் அடியில ஓட்டை ஓட்டையா இருக்குற ஃபனல்ல, பம்ப் வச்சு சக்ஷன் போட்டு ஃபில்டர் பண்றேன், முதல்ல நல்லா இறங்குச்சு அப்புறம் அப்படியே நின்னுருச்சு, பேப்பர் மாத்தியும் பாத்துட்டேன் பம்பும் நல்லாத்தான் ஓடுது, சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும் என்ன பண்றது??

குடுவை:
என்ன பொருள், எந்த நம்பர் பேப்பர், வாட்டர் பம்பா ஆயில் பம்பா? ஒண்ணுமே சொல்லாம கேட்டா எப்படி ப்ரோ

ரப்பர்_ட்யூப்:
லீக்தான், கண்ண மூடிட்டு சொல்லுவேன். ஃபனலுக்கு அடியில இருக்குற ரப்பர் காஞ்சு வெடிச்சிருக்கும். பேப்பர் ஓட்டை எல்லாத்தையும் மூடணும், ஆனா ஓரம் சுவர்ல ஏறி மடங்கக் கூடாது, நனைச்சு ஒட்ட வச்சுட்டு ஊத்துங்க

மொட்டைமாடி_டேங்க்:
வாட்டர் பம்புன்னா (குழாய்த் தண்ணி ஓடுற வேகத்துலயே காத்த இழுக்குறது) தண்ணி சூட்டப் பாருங்க. 30 டிகிரி தண்ணிக்கு ஆவி அழுத்தமே 32 மிமீ பாதரசம் கிட்ட, வெற்றிடம் அதுக்குக் கீழ போகவே போகாது

பழைய_டெமோ:
பி.எஸ்ஸி. முதல் வருஷத்துலயே சொல்லித் தர்றது இதெல்லாம். லீக்குன்னா முதல்லயே இறங்காதே, "இறங்கி அப்புறம் நின்னுருச்சு"ன்னுதானே எழுதிருக்கார், படிச்சுட்டு பதில் போடுங்கப்பா. வீழ்படிவு என்ன கலரு?

லேப்_எலி:
செங்கல் கலர் சார், அமோனியா விட்டு எடுத்த ஃபெர்ரிக் ஹைட்ராக்சைடு, சுட்டு எடை போடணும். பேப்பர் 42, துளை ரொம்பச் சின்னது

பழைய_டெமோ:
அதானே. கொழகொழன்னு இருக்குறத சக்ஷன்ல இழுத்தா துளைக்குள்ள போய் அப்பிக்கும், பம்ப கூட்டக் கூட்ட இன்னும் இறுகும். சாதா கூம்பு ஃபனல், துளை பெருசா இருக்குற 41 பேப்பர், பம்ப அணைச்சுருங்க. சூடா இருக்கும்போதே மேல தெளிஞ்சத முதல்ல வடிங்க. 1% அமோனியம் நைட்ரேட்ட சூடா விட்டுக் கழுவுங்க, வெறும் தண்ணின்னா கூழ்மமாகி பேப்பர் வழியா ஓடிரும், அமோனியம் குளோரைடுன்னா சுடும்போது இரும்பு குளோரைடா ஆவியாப் போயிரும்

குடுவை:
செலைட் (அடைக்காம வடிய உதவுற பவுடர்) போட்டா ஈஸி ஆச்சே?

பழைய_டெமோ:
சுட்டு எடை போடப் போறவருக்கு செலைட்டா? அதையும் சேத்தா எடை போடுவார்?

ரப்பர்_ட்யூப்:
நோபல் வாங்குன மனுஷன் செஞ்ச ஃபனலு, இதுக்கு லாயக்கில்லன்னா எப்படி

மொட்டைமாடி_டேங்க்:
நோபல் எடுவார்ட் புக்னருக்கு, 1907ல, ஈஸ்ட் நொதித்தலுக்கு. ஃபனல் எர்ன்ஸ்ட் புக்னரோடது, 1888. வேற ஆளுங்க

ரப்பர்_ட்யூப்:
எங்க புக்ல நோபல்காரர்னுதான் போட்டுருக்கு

மொட்டைமாடி_டேங்க்:
அப்போ புக்கத்தான் முதல்ல வடிகட்டணும்

லேப்_எலி:
41 போட்டேன், இறங்குது. தேங்க்ஸ் சார்

குடுவை:
ப்ரோ, முதல்ல 42ல அப்பிக்கிட்டது என்ன ஆச்சு? சூடான நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல கரைச்சு திரும்ப வீழ்படிவாக்கிச் சேத்தீங்களா? இல்லன்னா எடை குறையுமே. ப்ரோ?