பத்தாம் வகுப்போடு முடியும் கிராமத்துப் பள்ளி: விடைபெறும் பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பில் சேர்வதை எப்படி உறுதிசெய்வது?

கேள்வி
பதிவிட்டவர்: கணித ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

மலையடிவாரக் கிராமம் ஒன்றின் அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். ஆறாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளைகள் ஐந்தாண்டுகள் அதே முகங்களோடும் அதே ஆசிரியர்களோடும் வளர்கிறார்கள். யார் வீட்டு மாடு கன்று ஈன்றது, யாருடைய அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார் என்பது வரை எல்லோருக்கும் தெரியும். மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் வகிக்கும் இடத்தை இங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வகிக்கிறார்கள். காலை வணக்கக் கூட்டத்தை நடத்துவதும், மதியம் சத்துணவு வரிசையில் சின்னப் பிள்ளைகளை முன்னால் விட்டுத் தாங்கள் பின்னால் நிற்பதும், மழை பெய்த மறுநாள் மைதானத்தில் கபடிக் கோட்டை மறுபடியும் போடுவதும் அவர்கள்தாம்.

பொதுத்தேர்வுக்கு முன்னால் பிரிவு உபசார விழா நடத்துவோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் காசு சேர்த்து இனிப்பு வாங்குவார்கள், விடைபெறுகிறவர்கள் பள்ளிக்கு ஒரு சுவர்க் கடிகாரமோ மரக்கன்றோ தருவார்கள், குழுப்படம் எடுப்போம். அதைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. அதற்குப் பின் நடப்பதுதான் உறுத்துகிறது. மே மாதம் தேர்வு முடிவு வந்து, மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போகிற பிள்ளைகளில் ஒரு பகுதியினர் எந்தப் பள்ளியிலும் சேர்வதில்லை. அரசு மேல்நிலைப் பள்ளி பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. காலையில் ஒரு பேருந்து, மாலையில் ஒரு பேருந்து. பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது என்று சில வீடுகளில் நிறுத்திவிடுகிறார்கள். பையன்களில் சிலர் திருப்பூருக்குப் போய்விடுகிறார்கள். நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளையின் பெற்றோரோ, கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும் என்று நினைக்கிறார்கள்.

உங்களில் இத்தகைய சிறிய உயர்நிலைப் பள்ளிகளில் பணியாற்றியவர்களும் படித்தவர்களும் இருப்பீர்கள். ஜனவரி முதல் ஜூன் வரையிலான மாதங்களில் நாங்கள் என்ன செய்தால், எல்லாப் பிள்ளைகளும் அடுத்த இடத்தில் போய்ச் சேர்வார்கள்? உங்கள் அனுபவத்தைத் தயவுசெய்து எழுதுங்கள்.


பதில் 1
பதிவிட்டவர்: ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததும் மகிழ்ச்சியடைந்தேன், ஏனென்றால் மாற்றுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டதோடு பொறுப்பு முடிந்தது என்று கருதும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. என் பார்வையில், உயர்நிலைப் பள்ளியின் கல்வியாண்டு ஏப்ரலில் முடிவதில்லை. கடைசிப் பிள்ளை பதினொன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் பெயர் பெறும் நாளில்தான் முடிகிறது.

முதலில் செய்ய வேண்டியது, தேர்வுக்கு முன்பே பிள்ளைகளை அந்த மேல்நிலைப் பள்ளிக்கு நேரில் அழைத்துச் செல்வது. ஜனவரியில் திருப்புதல் தேர்வுகளுக்கு இடையே ஒரு நாளை ஒதுக்கி, அவர்கள் ஜூனில் ஏறவேண்டிய அதே பேருந்தில் கூட்டிக்கொண்டு போங்கள். முடிந்தால் தயங்கும் பெண்களின் தாய்மார்களையும் உடன் அழையுங்கள். ஆய்வகத்தையும் கழிப்பறையையும் பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளி வாயில் வரையிலான பாதையையும் ஒரு தாய் கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு அவரே வீட்டில் பேசுவார். நாம் திண்ணையில் உட்கார்ந்து சொல்லும் நூறு வார்த்தைகளுக்கு அந்த வலிமை கிடையாது.

இரண்டாவதாக, சோற்றைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. சத்துணவு பத்தாம் வகுப்பு வரையில்தான். இதுவரை மதியம் பள்ளியில் சாப்பிட்ட பிள்ளைக்கு, ஜூன் மாதத்திலிருந்து காலை ஏழு மணிக்குள் வீட்டில் சமைத்துக் கட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. விடியற்காலையில் களை எடுக்கவோ பூப்பறிக்கவோ கிளம்பும் தாய்க்கு அது எளிதன்று. விடுதி இதற்கு ஒரு வழி. ஆதிதிராவிடர் நலத்துறையும் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையும் நடத்தும் விடுதிகளில் உணவும் தங்குமிடமும் இலவசம். எந்த விடுதி மேல்நிலைப் பள்ளிக்கு அருகில் இருக்கிறது என்பதைத் தேர்வு முடிவு வருமுன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவற்றையும் பிப்ரவரிக்குள் சரிபார்த்துவிடுங்கள். சேர்க்கைக் காலத்தில் இ-சேவை மையத்தில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்து வீடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாவது, கண்காணிப்பு. மாற்றுச் சான்றிதழ் தந்ததும், பள்ளிக் கல்வித்துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் பிள்ளையின் பெயர் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். சேரும் பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். ஜூன் மாத இறுதியிலும் ஒரு பெயர் அந்தத் தொகுப்பிலேயே கிடந்தால், அந்தப் பிள்ளை எங்கும் சேரவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். அப்போது வீட்டுக்குப் போங்கள். தனியாகப் போகாமல், அந்தக் குடும்பம் மதிக்கும் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

பெண்ணுக்குத் திருமணம் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் தயங்காமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தெரிவியுங்கள். 18 வயதுக்குட்பட்ட பெண்ணின் திருமணம் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஊரில் நாலு பேர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.


பதில் 2
பதிவிட்டவர்: பொறியியல் மாணவி, முன்பு ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்

வணக்கம் டீச்சர். நானும் பத்தாவது வரை மட்டுமே உள்ள பள்ளியில் படித்து, பிறகு வேறு ஊருக்குப் பேருந்தில் போய்ப் படித்தவள். தனியார் பள்ளிக்கு மாற்ற நினைக்கும் பெற்றோரிடம் நீங்கள் கட்டாயம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அதைப் பெற ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். பத்து வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் தனியார் பள்ளிக்குப் போனால், அந்த உரிமை முழுவதுமாகப் போய்விடும். அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாறினாலும் அதே நிலைதான். எனக்குக் கல்லூரியில் கிடைத்த இடம் இந்த ஒதுக்கீட்டில் வந்தது. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது. எங்கள் வீட்டு வருமானத்தில் அந்தத் தொகையை நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது.

உயர்கல்வி படிக்கும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதந்தோறும் வரும் 1,000 ரூபாயும் அப்படித்தான். 2022இல் தொடங்கியபோது அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மட்டுமே இருந்தது. பிறகுதான் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப்புதல்வன் இருக்கிறது. தனியார் பள்ளிக்குக் கடன் வாங்கப் போகும் ஓர் அப்பாவிடம், எதையெல்லாம் கைவிட்டுவிட்டு அந்தக் கடனை வாங்குகிறார் என்பதைத் தாளில் எழுதிக் காட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் நாங்கள்தாம் பெரியவர்கள். மணி அடிப்பதிலிருந்து சுதந்திர தினத்துக்குக் கொடிக்கம்பம் நடுவது வரை எங்களைக் கேட்காமல் எதுவும் நடக்காது. புதிய பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் நாங்கள் யாரென்றே யாருக்கும் தெரியவில்லை. அங்கேயே ஆறாவதிலிருந்து படித்தவர்கள் ஒரு கூட்டமாக இருந்தார்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் ஒரே அறிவியல் டீச்சரிடம் படித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியர் வந்து வேகமாகப் பாடம் நடத்தியபோது, கையை உயர்த்திச் சந்தேகம் கேட்கவே பயந்தோம். என்னோடு சேர்ந்தவர்களில் ஒருத்தி காலாண்டுத் தேர்வு முடிந்ததும் நின்றுவிட்டாள். தூரமும் பணமும் அவளைத் தடுக்கவில்லை, அங்கே அவளிடம் பேச யாரும் இல்லை. ஆகவே சேர்த்துவிட்டதோடு விட்டுவிடாதீர்கள். அந்தப் பள்ளியில் ஏற்கெனவே படிக்கும் உங்கள் பழைய மாணவிகளைப் பிரிவு உபசார விழாவுக்கு அழைத்து, ஒவ்வொரு அக்காவிடமும் இரண்டு மூன்று தங்கைகளை ஒப்படையுங்கள். ஆகஸ்டு மாதத்தில் ஒரு முறை நீங்களே அந்தப் பள்ளிக்குப் போய் அவர்களைப் பாருங்கள். எங்கள் தமிழாசிரியை அப்படி ஒரு நாள் வந்தார். அன்று முழுக்க எனக்கு எப்படி இருந்தது என்பதைச் சொல்ல முடியாது.


பதில் 3
பதிவிட்டவர்: பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், கிருஷ்ணகிரி மாவட்டம்

நான் விவசாயி, என் இரண்டு பெண்களும் இப்படித்தான் பேருந்தில் போய்ப் படித்தார்கள். சீருடையில் போகும் பிள்ளைக்கு அரசுப் பேருந்தில் கட்டணம் இல்லை. பதினொன்றாம் வகுப்பில் மிதிவண்டியும் தருகிறார்கள். ஆனால் பேருந்து பள்ளி நேரத்துக்கு வராவிட்டால் கட்டணமில்லாப் பயணத்தால் என்ன பயன்? எங்கள் ஊரில் மாலைப் பேருந்து பள்ளி விடுமுன்பே கிளம்பிப் போய்விடும். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டோம். அதையே ஜனவரி 26 கிராம சபையிலும் வைத்து நிறைவேற்றினோம். பிறகு இரண்டு தீர்மானங்களின் நகலோடும், பேருந்தை எதிர்பார்க்கும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலோடும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போனோம். ஒரே மனுவில் காரியம் நடக்கவில்லை, பலமுறை போக வேண்டியிருந்தது. கடைசியில் நேரத்தை மாற்றினார்கள். ஆசிரியர்கள் மனு கொடுப்பதைவிடத் தாய்மார்கள் கூட்டமாகப் போய் நிற்பது மேல், அம்மா.

ஒரு வீட்டுப் பெண்ணை மட்டும் தனியாக அனுப்பச் சொன்னால் எந்தத் தகப்பனும் யோசிப்பான். ஐந்தாறு வீட்டுக்காரர்களை ஒன்றாக உட்காரவைத்துப் பேசுங்கள்.


பதில் 4
பதிவிட்டவர்: தொழிற்பயிற்சி நிலையப் பயிற்றுநர்

எல்லாப் பிள்ளைகளையும் பதினொன்றாம் வகுப்புக்கே அனுப்ப வேண்டும் என்ற எண்ணத்தைச் சற்று விரிவாக்கிக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. திருப்பூருக்குப் போகத் துடிக்கும் பையனுக்கு அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற பிரிவுகள் இருக்கின்றன. பயிற்சிக் காலத்தில் மாத உதவித்தொகை 750 ரூபாய் கிடைக்கும். பாலிடெக்னிக்கில் பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பை முடித்தால், பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். கையில் தொழில் இல்லாமல் பதினாறு வயதில் பனியன் நிறுவனத்துக்குள் நுழைவதற்கும், இரண்டு ஆண்டுகள் கழித்துச் சான்றிதழோடு நுழைவதற்கும் உள்ள சம்பள வேறுபாட்டை அந்தப் பையனுக்கே புரியவைக்க முடியும்.

தேர்ச்சி பெறாத பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். துணைத் தேர்வு அதே ஆண்டில், சில வாரங்களிலேயே நடக்கிறது. அதில் தேறினால் அந்த ஆண்டே மேற்படிப்பில் சேரலாம். முடிவு வந்த அன்று வெட்கத்தால் பள்ளிப் பக்கம் வராதவனை அன்று மாலையே தேடிப் போய் விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும், ஏனென்றால் ஒரு வாரம் கழித்துப் போனால் அவன் ஊரில் இருக்க மாட்டான்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி

ஐயா, தங்கை, உறுப்பினர் ஐயா, பயிற்றுநர் ஐயா, எல்லோருக்கும் நன்றி. மதிய உணவு நின்றுபோவது பற்றி எங்கள் ஆசிரியர் அறையில் இதுவரை ஒருமுறைகூடப் பேச்சு வந்ததில்லை. நாளை தலைமை ஆசிரியரிடம் விடுதிப் பட்டியலைக் கேட்கப் போகிறேன். கிராம சபைக்கான தீர்மானத்தை எங்கள் மேலாண்மைக் குழுத் தலைவியே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

விழாவைத் தேர்வுக்கு முந்தைய வாரத்திலிருந்து பிப்ரவரி தொடக்கத்துக்கு மாற்றலாம் என்று நினைக்கிறேன். அப்போதுதான் பழைய மாணவிகளுக்கும் செய்முறைத் தேர்வின் இடையூறு இல்லாமல் வர முடியும். ஓய்வுபெற்ற ஐயாவிடம் ஒரு கேள்வி: மேல்நிலைப் பள்ளிக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்ற நாளில் அங்குள்ள தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி பெற்றீர்களா, மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாகச் செல்ல வேண்டியிருந்ததா? பெற்றோரையும் உடன் அழைத்துச் செல்வதானால் எந்த நடைமுறை எளிது என்று சொன்னால் இந்த வாரமே கடிதம் தயாரித்துவிடுவேன்.