புதுப்பிப்பு: அடிக்கடி விலகும் தோள்மூட்டும் லதார்ஜே அறுவை சிகிச்சையும்

பந்தைத் தடுக்கக் கையை உயர்த்தினாலே விலகிவிடும் என் தோள்மூட்டுக்கு, நுண்துளை சிகிச்சையில் கிழிந்த விளிம்புத் திசுவைத் தைத்தால் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். சி.டி. ஸ்கேனில் மூட்டுக்கிண்ணத்தின் முன்விளிம்பு ஏறத்தாழ 25 சதவீதம் தேய்ந்திருப்பது தெரிந்ததால், வெறும் தையல் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே, 1954இல் பிரெஞ்சு மருத்துவர் மிஷேல் லதார்ஜே விவரித்த முறையில், தோள்பட்டை எலும்பின் கொக்கி போன்ற முனையை அதில் இணைந்துள்ள தசைநாண்களோடு வெட்டியெடுத்து, தேய்ந்த விளிம்பில் இரண்டு திருகாணிகளால் பொருத்தினார்கள். குறைந்த எலும்பை நிரப்புவதோடு நில்லாமல், கையை உயர்த்தி வெளிப்புறம் திருப்பும்போது அந்தத் தசைநாண்கள் மூட்டின் முன்னால் தூளி போல இறுகித் தாங்குவதுதான் இதன் சூட்சுமம். எலும்பு ஒட்டிவிட்டதை ஸ்கேன் காட்டியது. வெளிப்புறச் சுழற்சி மட்டும் சற்றுக் குறைவு. மறுகைக்கு ஈடாக வலிமை வரும்வரை ஆட்டத்துக்கு அனுமதியில்லை.