குறும்படத்துக்குச் சிறுகதை: இந்த இரண்டில் எது?

ஓடைக்கரை:
இருபது நிமிடக் குறும்படம், என் முதல் முயற்சி. இரண்டு சிறுகதைகள் கைவசம் இருக்கின்றன. முதல் கதையில் அப்பா இறந்த பிறகு அண்ணனும் தம்பியும் ஒரே பகலில் அவருடைய அறையைக் காலி செய்கிறார்கள். பேச்சு மிகக் குறைவு. அவர் கைக்கடிகாரம் யாருக்கு என்பதில் வந்து முட்டி நிற்கிறது. இரண்டாவது கதையில் ஒரு பெரியவர் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டு போகிறார். அவளுடைய நடை, கோபம், புதுத்துணியின் சரசரப்பு. அவருக்குக் கண் தெரியாது என்பது கடைசி வரியில்தான் நமக்குத் தெரிகிறது. படித்ததும் ஆடிப்போய்விட்டேன். அதைத்தான் எடுக்க ஆசை.

வெட்டும் ஒட்டும்:
இரண்டாவதை விட்டுவிடுங்கள். எழுத்தாளர் சொல்லாமல் விட்டால் வாசகருக்குத் தெரியாது. கேமரா அப்படி விடாது. பெரியவர் முகத்தைக் காட்டிய முதல் ஷாட்டிலேயே குட்டு உடைந்துவிடும். முகத்தைக் காட்டாமலே ஓட்டினால் எதையோ மறைக்கிறீர்கள் என்று பார்ப்பவர் உஷாராகிவிடுவார். நான் எந்தக் கதையையும் ஒரு வழியில் சோதிப்பேன். ‘நினைத்தான்’, ‘உணர்ந்தாள்’, ‘ஞாபகம் வந்தது’ என்று வரும் வாக்கியங்களை எல்லாம் அடித்துவிட்டு, மிச்சத்தில் யாராவது எதையாவது செய்கிறார்களா என்று பார்ப்பேன். அண்ணன் தம்பி கதை அதில் தேறும். ஒரே அறை, இரண்டு நடிகர்கள், ஒரு பகல். முதல் படத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

மூன்றாம் வரிசை:
இந்தச் சோதனையை வைத்தால் உலகத்தில் பாதி நல்ல படம் வந்தே இருக்காது. தாகூரின் ‘நஷ்டநீட்’ முழுக்க மனசுக்குள் நடக்கிற கதை. அதை சத்யஜித் ரே 1964-இல் ‘சாருலதா’ என்ற படமாக எடுத்தார். தொடக்கத்தில் நாயகி சாரு ஒரு சின்னத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போய்த் தெருவைப் பார்க்கிறாள். வசனமே கிட்டத்தட்ட இல்லை. அவள் எவ்வளவு தனியாக இருக்கிறாள் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெட்டும் ஒட்டும்:
ரே கையில் கிடைத்தால் எதுவும் படமாகும் ஐயா. இங்கே கேட்டிருப்பவர் முதல் படம் எடுக்கிறவர்.

மூன்றாம் வரிசை:
அதனால்தான் சொல்கிறேன், பிடித்த கதையை எடுக்கட்டும். கண் தெரியாது என்பதைக் கடைசிவரை பொத்திவைக்க வேண்டும் என்று யார் சொன்னது? முதல் நிமிடத்திலேயே காட்டிவிடுங்கள். அந்தப் பெண்ணுக்கு மட்டும் தெரியாமல் வையுங்கள். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது பார்ப்பவருக்கு முன்பே தெரிந்தால் பதினைந்து நிமிடப் பதற்றம், தெரியாவிட்டால் பதினைந்து நொடி அதிர்ச்சி என்று இயக்குநர் ஹிட்ச்காக் விளக்கியது இதற்கு அப்படியே பொருந்தும். அவள் ஒரு கடிதத்தை நீட்டிப் படிக்கச் சொன்னால் அவர் என்ன செய்வார்? எனக்கு இப்போதே பார்க்கவேண்டும்போல இருக்கிறது.

சும்மா வந்தவன்:
கடிதம் ஐடியா பிரமாதம். கதையில் இருக்கிறதா?

மூன்றாம் வரிசை:
இல்லை. இப்போதுதான் தோன்றியது.

வெட்டும் ஒட்டும்:
பாருங்கள், அது வேறு கதையாகிவிட்டது. அந்தக் கடைசி வரிக்காகத்தான் நண்பர் இதைத் தேர்ந்தெடுத்தார். அதை முதல் நிமிடத்தில் செலவழித்துவிட்டு, கடிதத்தையும் நீங்களே எழுதிச் சேர்த்தால், எழுத்தாளரிடம் அனுமதி எதற்கு வாங்க வேண்டும்? சொந்தமாகவே எழுதிவிடலாமே.

மூன்றாம் வரிசை:
புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைப் படித்துவிட்டு ‘உதிரிப்பூக்கள்’ (1979) பாருங்கள். மகேந்திரன் அதிலிருந்து எவ்வளவு தூரம் போயிருக்கிறார்! ஆனாலும் அந்தக் கதை இல்லாமல் அந்தப் படம் இல்லை. சம்பவங்களைக் கடன் வாங்குவது ஒரு வழி. ஒரு மனிதர் மற்றவரிடம் எதை மறைக்கிறார் என்பதைக் கடன் வாங்குவது இன்னொரு வழி. பெரியவர் அவளை எங்களைவிட நன்றாகப் ‘பார்க்கிறார்’ என்பதுதான் இங்கே சரக்கு, கடைசி வரி அல்ல. அண்ணன் தம்பி கதையில் கடிகாரத்தை எடுத்துவிட்டால் என்ன இருக்கிறது?

வெட்டும் ஒட்டும்:
இரண்டு பேர் இருக்கிறார்கள். யார் முதலில் அலமாரியைத் திறக்கிறார், யார் வாசலிலேயே நிற்கிறார். இருபது நிமிடம் அதற்கே போதாது. உங்கள் கதையில் சரசரப்பு, காலடி என்று எல்லாமே காதுக்கானவை. நல்ல ஒலிப்பதிவுக்காரர் கிடைக்காவிட்டால் மொத்தமும் காலி. முதல் படங்கள் பெரும்பாலும் படுத்துவிடுவது ஒலியில்தான்.

பழைய ஃபைல்:
எதை எடுத்தாலும் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் காலமாகி 60 ஆண்டுகள் வரை உரிமை வாரிசுகளுக்கு இருக்கும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும்தான் எடுத்துக்கொள்வார்கள். வெளிநாட்டு விழாவுக்கு அனுப்பும்போது இது கழுத்தைப் பிடிக்கும். கையெழுத்தாகி ஓராண்டுக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும், வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர. கதையை மாற்றும் உரிமையையும் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், குறிப்பாகக் கடிதம் சேர்ப்பதாக இருந்தால்.

ஓடைக்கரை:
இரண்டாவது கதையின் எழுத்தாளர் தொடர்பில் இருக்கிறார். கடைசி வரியை முதலிலேயே சொல்லிவிடப் போகிறேன் என்று எழுதிக் கேட்கிறேன். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

வெட்டும் ஒட்டும்:
அதற்கு முன் ஒலிப்பதிவுக்காரரைக் கேளுங்கள்.