11-ஐ விடுங்கள், 6-ஐப் பாருங்கள்

குழு: ஆச்சி வீடு

ஞாயிறு

செல்வி (இரவு 8:12): கவினுக்கு வயிற்று ஸ்கேன் எடுத்தாச்சு. முந்தாநாளிலிருந்து தொப்புளைச் சுற்றி வலி என்று அவ்வப்போது சுருண்டு படுத்துக்கொள்கிறான். குழந்தை டாக்டர் நாளைக் காலையில்தான் வருவார். ரிப்போர்ட் அனுப்புகிறேன், பாருங்கள்.

செல்வி: (படம்)

சங்கர்: எழுத்து மங்கலாக இருக்கு. என்ன போட்டிருக்கிறது?

செல்வி: வலது பக்க அடிவயிற்றில் நாலைந்து நிணநீர்க் கணுக்கள். அதில் பெரியது 11 x 6 மிமீ. குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) 4 மிமீ. மற்றதெல்லாம் நார்மல். அங்கே இருந்தவரிடம் கேட்டால், டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

சங்கர் (8:20): கூகுளில் தேடினேன். 10 மிமீக்கு மேல் போனால் கவனிக்க வேண்டுமாம். டிபி என்று போட்டிருக்கிறது. இன்னொரு பெயரும் இருக்கிறது, அதை இங்கே எழுத மாட்டேன்.

வள்ளி: எழுத மாட்டேன் என்று எழுதிவைத்தால் அவள் இன்று தூங்குவாளா?

சங்கர்: உடனே ஒரு சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று என் நண்பரும் சொல்கிறார்.

செல்வி: எனக்குக் கை நடுங்குது அண்ணே. கோமதி அக்கா, ஸ்கேன் பார்க்கிற நம் தேனு எங்கே? ட்யூட்டியா?

கோமதி: மூன்று தடவை கூப்பிட்டுவிட்டேன், எடுக்கவில்லை. அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள். வேப்பிலை எடுத்துச் சுற்றிப் போடச் சொல்கிறாள்.

தேனு (9:05): இப்போதுதான் ஸ்கேன் அறையை விட்டு வெளியே வந்தேன் சித்தி. முதலில் ஒன்று சொல்லுங்கள், கவின் இப்போது என்ன செய்கிறான்?

செல்வி: இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு அவன் அப்பா முதுகில் ஏறி யானை ஓட்டுகிறான்.

தேனு: காய்ச்சல், வாந்தி? போன வாரம் சளி ஏதாவது பிடித்திருந்ததா?

செல்வி: இப்போது இரண்டும் இல்லை. போன வாரம் தொண்டை வலி, சளி. 3 நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. உனக்கு எப்படித் தெரியும்?

தேனு: தெரியாது, இந்த ரிப்போர்ட்டோடு வரும் பிள்ளைகளின் கதை பாதி நேரம் இப்படித்தான் இருக்கும். மாமா, நீங்கள் 11-ஐ விடுங்கள், 6-ஐப் பாருங்கள். கிருமியை எதிர்க்கிற இந்தக் கணு அவரை விதை மாதிரி நீளவாக்கில் இருக்கும். நீளத்தை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை, குறுக்களவைத்தான் எடுப்போம். குழந்தையின் வயிற்றில் 8 மிமீ குறுக்களவு வரை பொதுவாக இயல்பு என்றே வைத்துக்கொள்கிறோம். இவனுக்கு 6.

சங்கர்: ஆனால் 5-க்கு மேல் போனாலே பெரிது என்று ஒரு இடத்தில் இருந்ததே?

தேனு: அது பெரியவர்களுக்கு வைத்த அளவுகோல். சட்டை அளவு மாதிரிதான் மாமா, ஆனால் இங்கே தலைகீழ். பிள்ளைகளுக்குத்தான் நிணநீர்த் திசு அதிகம். டான்சில் எப்படி ஆறேழு வயதில் பெரிதாக இருந்து அப்புறம் சுருங்குகிறதோ, அதே கதை. பார்க்கிற கிருமி ஒவ்வொன்றும் அவனுக்குப் புதுசு. 2005-இல் வந்த ஓர் ஆய்வில், சிறுநீரகக் கல் சந்தேகத்துக்காக சிடி எடுத்த 61 பிள்ளைகளைப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு 5 மிமீக்கு மேல் கணு இருந்தது. அதுவும் பெரும்பாலும் இதே வலது பக்க அடிவயிற்றில். அதை வைத்துத்தான் 8 என்ற எல்லையைச் சொன்னார்கள்.

கோமதி: அம்மா கேட்கிறாள், காலில் முள் குத்தினால் கவட்டில் நெறி கட்டுமே, அதுவா இது?

தேனு: அதேதான் ஆச்சி! முள் குத்தியதற்குக் கவட்டில், சளிக்குக் கழுத்தில், வயிற்றில். வயிற்றில் கட்டுவது கைக்குத் தெரியாது, ஸ்கேனில் தெரிகிறது, அவ்வளவுதான்.

கோமதி: அவன் கழுத்திலும் ஒன்று இருக்கிறதாம். எண்ணெய் தேய்க்கும்போது விரலுக்கு அடியில் வழுக்கி ஓடுகிறதாம்.

தேனு: ஓடினால் நல்லது. கழுத்தில் 1 செமீ வரை மெத்தென்று, நகர்கிற மாதிரி இருந்தால் அதைச் சும்மா விடலாம். காறை எலும்புக்கு, அதாவது கழுத்துக்கடியில் தோள் வரை போகிற எலும்புக்கு, மேலே தட்டுப்பட்டால் மட்டும், எவ்வளவு சின்னதானாலும் காட்டிவிட வேண்டும்.

செல்வி: அப்போ நீ எதைப் பார்த்தால் பயப்படுவாய்?

தேனு: வடிவத்தைத்தான் முதலில் பார்ப்பேன். நீள்வட்டமாக, நடுவில் வெள்ளையாகக் கொழுப்புக் கோடு தெரிந்தால் நிம்மதி. நீங்கள் அனுப்பிய படத்தில் அது தெரிகிறது. கோலிக்குண்டு மாதிரி உருண்டு, நடுக்கோடு மறைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருந்தால் விட மாட்டேன். மாமா டிபி என்று சொன்னதும் நம் ஊரில் வீண் பயம் இல்லை. ஆனால் அதற்குப் பெரும்பாலும் எடை குறையும், நாள்கணக்கில் காய்ச்சல் வரும், வீட்டிலோ பக்கத்திலோ இருமுகிறவர் யாராவது இருப்பார்.

செல்வி: எடை குறையவில்லை. போன மாதம்தான் பேன்ட் இறுகிவிட்டது என்று புதுசு எடுத்தோம்.

தேனு: குடல்வால் 4 மிமீ என்று எழுதியிருப்பதுதான் இந்த ரிப்போர்ட்டில் எனக்குப் பிடித்த வரி. கருவியை வைத்து மெல்ல மெல்ல அழுத்துவோம். நல்ல குடல்வால் நசுங்கிக் கொடுக்கும். வீங்கியது நசுங்காது, 6 மிமீக்கு மேல் தடித்திருக்கும், பிள்ளை கத்துவான். கவின் என்ன செய்தான்?

செல்வி: சிரித்தான். அந்த ஜெல் ஜில்லென்று இருந்ததாம், வயிற்றை எக்கிக்கொண்டே இருந்தான்.

தேனு: பிறகென்ன. சிடி இப்போது வேண்டாம், அதில் கதிர்வீச்சு இருக்கிறது. இன்று எடுத்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் அது கிடையாது. நான் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கவில்லை, ரிப்போர்ட்டைத்தான் பார்த்தேன். அதனால் நாளைக்குக் கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள். இரவில் வலி வலது பக்கம் இறங்கி அங்கேயே நின்றாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, காய்ச்சல் ஏறினாலோ, குதிக்கச் சொன்னால் வலிக்குது என்று மறுத்தாலோ காலைக்காகக் காத்திருக்காதீர்கள்.

செல்வி: குதிக்கச் சொன்னேன். கட்டில் உடையப்போகிறது.

சங்கர் (9:31): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வள்ளி: என்ன போட்டு அழித்தீர்கள்?

சங்கர்: ஒன்றுமில்லை, சிடி ரேட் விசாரித்து வைத்திருந்தேன்.

திங்கள்

செல்வி (காலை 11:40): காட்டிட்டு வந்தாச்சு. டாக்டர் வயிற்றை நாலு இடத்தில் அழுத்திப் பார்த்தார். சளிக் காய்ச்சலில் கட்டிய நெறி, தானாகவே வடியும் என்றார். ஆன்டிபயாட்டிக் எழுதவில்லை, வலித்தால் மட்டும் பாராசிட்டமால். கணுவுக்காகத் திரும்ப ஸ்கேன் தேவையில்லை, வலி நிற்காவிட்டால் வரச் சொன்னார்.

கோமதி: அம்மா வேப்பிலை சுற்றியதால்தான் என்கிறாள்.

தேனு: சரி ஆச்சி, பாதி உங்களுக்கு. சங்கர் மாமா, ஒரு சந்தேகம். போன வருடம் உங்கள் ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று போட்டிருந்ததே, அதைக் கூகுளில் தேடினீர்களா?

வள்ளி: கேளு தேனு, நல்லாக் கேளு. அந்தக் கவரையே இன்னும் பிரிக்கவில்லை, பீரோ மேல் கிடக்கிறது.

சங்கர்: இங்கே டவர் சரியில்லை. அப்புறம் வருகிறேன்.